பச்சிலைதானே!

சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஒரு புட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உடல் இளைப்பதற்கான மூலிகைக் குளிகைகளாம்.

"வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"பேஷாகச் செய்யும்! பதினைந்தே நாளில் தெரியும்."

"கெடுதல் ஒன்றும் வராதே?"

"பச்சிலைதானே, ஸார்! அது என்ன செய்துவிடப் போகிறது?"

இரண்டு பதில்களையும் ஒரே வாய் சொன்னதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. விற்கும்போது அந்த இலைக்கு மலையைப் பெயர்க்கும் வலிமை. விசாரிக்கும்போது, பாவம், அது வெறும் இலை!

சீன தேசத்தில் மா ஹுவாங் என்றொரு செடி உண்டு. குச்சி குச்சியாய் வளரும் புதர். அந்நாட்டு வைத்தியர்கள் பன்னெடுங்காலமாக இருமலுக்கும் இழுப்புக்கும் அதைக் காய்ச்சிக் கொடுத்து வந்தார்கள். 1885-இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய ரசாயன அறிஞர் அதிலிருந்து எபிட்ரின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். 1924-இல் பீகிங் நகரில் சென் என்ற சீனரும் ஷ்மிட் என்ற அமெரிக்கரும் அதன் குணங்களை ஆராய்ந்து எழுதினார்கள். பிறகு ஆஸ்துமாக்காரர்களின் தலையணைக்கடியில் அந்த மாத்திரை இடம் பிடித்தது.

என் தாயின் தலையணைக்கடியிலும் அது இருந்தது. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் பாயில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடுவாள். மாத்திரை உள்ளே போனபின் மூச்சுக்குழாய் விரியும். கூடவே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், விடியும்வரை கண் மூடாது. "தூக்கத்தை விற்று மூச்சு வாங்கியிருக்கிறேன்" என்பாள்.

அதே சத்து பசியையும் மட்டுப்படுத்தும். விடுவார்களா வியாபாரிகள்? அமெரிக்காவில் 1990களில் மெலிய விரும்பியவர்களுக்கு இதை அமோகமாக விற்றார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சரக்குகளைத் துணையுணவு என்று வகைப்படுத்தியது. தீங்கற்றது என்று விற்பவன் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கானது என்று சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும்! 2003 பிப்ரவரியில் பால்டிமோர் பேஸ்பால் அணியின் இளைஞன் ஒருவன், வயது 23, பயிற்சியின்போது சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தான். உடல் உஷ்ணம் மிஞ்சியதால் நேர்ந்த மரணம். அவன் உண்ட இந்த மூலிகைக் குளிகைக்கும் அதில் பங்கிருக்கக்கூடும் என்றார் பிரேத பரிசோதனை செய்த அதிகாரி. 2004-இல் அத்தகைய குளிகைகளைத் தடை செய்தார்கள். சீன வைத்தியர் மரபுப்படி கொடுப்பதை அந்தத் தடை தொடவில்லை.

மெலிய ஆசைப்படுவது குற்றமென்று நான் சொல்லவில்லை. என் தொந்தி என்னைச் சொல்லவும் விடாது. என் தாய்க்கு விலை தெரிந்திருந்தது, தெரிந்தே கொடுத்தாள். குளிகை வாங்குகிறவனிடம் 'இயற்கை' என்ற ஒரே சொல்லைக் காட்டி அந்த விலையை மறைத்துவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால், நண்பரைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன யோக்கியதை? இருதயம் பலவீனமாகிவிட்டது, இனி இந்த மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். ஓரிரவு தாயின் இரைப்பைக் கேட்கச் சகிக்காமல் நானே மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவள் தயங்கினாள்.

"செடியிலிருந்து வந்ததுதானே, அம்மா. ஒன்றும் செய்யாது" என்றேன்.

அந்தத் திணறலிலும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அரளியும் செடிதானேடா" என்றாள். பிறகு, தண்ணீருக்காகக் கையை நீட்டினாள்.