இலையின் பெயர்

மதுரை மகால் பக்கத்துத் தெருவில் ஒரு மாலை. முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி, எண்ணெயில் பொரித்து, காரப்பொடி தூவிக் கொடுத்தார்கள். பேத்தியுடன் வந்திருந்த சௌராஷ்டிர நண்பரிடம், "முள்முருங்கை வடை பிரமாதம்!" என்றேன்.

"பங்கரப்பான் என்று சொல்லுங்கள், ஸார். பான் என்றால் இலை" என்றார்.

வேலியில் பறிக்கிற இலைக்கு இவ்வளவு ரோஷமா? சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மராத்தியிலும் இந்த மரம் பாங்காராதான். குஜராத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து மதுரையில் தறி போட்டவர்கள், இங்கத்திய வேலியிலும் பழைய மரத்தைக் கண்டு, பழைய பெயராலேயே அழைத்திருக்க வேண்டும். ருசியில் நாமும் பங்கு கொண்டோம், சரி. பெயரையும் மாற்றிவிட்டால்? ஆசையோடு செய்தாலும் அது அபகரிப்பு இல்லையா?

"தாத்தா, எனக்கும் முள்முருங்கை வடை!" என்றாள் பேத்தி.

நண்பர் வாங்கிக் கொடுத்தார். அவளைத் திருத்தவில்லை.