வாயில்லா ஜீவனும் வைத்தியச் செலவும்

வீட்டுப் பூனைக்குப் புற்றுநோய் கண்டால் அதற்குப் பணம் செலவழித்து வைத்தியம் பார்ப்பது தகுமா? ஏழை எளியவர் நம் வாசலில் நிற்கும் காலத்தில் அது வீண் விரயம் ஆகாதா? சங்கத்து அன்பர்கள் சிலர் இவ்வாறு கேட்கின்றனர். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று இது. கிள்ளானில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பூனை வளர்கிறது. முன்போல் தெருவில் அடிபட்டுச் சாகாமல், வீட்டுக்குள்ளேயே பதினைந்து வயது வரை வாழும் பூனைகளும் உண்டு. ஆயுள் நீண்டால் முதுமையின் நோய்களும் கூடவே வரத்தானே செய்யும்?

மார்க்கத்தில் பூனைக்குள்ள இடம் நாம் அறிந்ததே. அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் ஒளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் கப்ஷா வியந்து பார்க்க, பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் வீட்டு ஜீவன்களில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் வரலாறும் ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. உணவும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்னவும் விடவில்லை என்பதே அவள்மீது வந்த குற்றம். இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கதவைச் சாத்தி வளர்க்கும் பூனை தன் உணவையும் தன் மருந்துப் புல்லையும் தேடிப் போக முடியாது. எவ்வளவுக்கு அதை அடைத்தோமோ அவ்வளவுக்கு அதன் பொறுப்பும் நம் கழுத்தில் ஏறுகிறது. (முஅஸ்ஸா என்ற பூனைக்காக நாயகம் (ஸல்) அவர்கள் அங்கியை வெட்டினார்கள் என்று மேடைகளில் சொல்வார்கள். ஆதாரமான ஹதீஸ் நூல்களில் அது இல்லை. இல்லாததைச் சொல்லிப் பூனைக்குப் பெருமை தேட வேண்டியதில்லை.)

இனி வைத்தியத்திற்கு வருவோம். நம் கடைக்குக் கருஞ்சீரக எண்ணெய் வாங்க வந்த ஒருவர், "ஆஸ்பத்திரி ஊசி ரசாயனம், பாய். நான் பச்சிலையே கொடுக்கிறேன்," என்றார். இரண்டையும் பகையாக நினைப்பதில் பொருளில்லை. நம் கபரஸ்தான்களில் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டு மல்லி என்றும் அதைச் சொல்வதுண்டு. 1950களில் கனடாவில் நோபிள், பியர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், நீரிழிவுக்கு உதவுமா என்று அதன் இலையைச் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை; இரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அவ்வழியே வின்பிளாஸ்டின் என்ற மருந்தும், அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் பிறந்தன. பூனைகளுக்கு அதிகமாக வரும் லிம்போமா புற்றுநோய்க்கு இன்று ஏற்றும் ஊசிகளில் வின்கிரிஸ்டினும் ஒன்று. அதாவது அவர் வெறுத்த ரசாயனம் பச்சிலையிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த இலையைக் கசக்கிப் பூனைக்குப் புகட்டினால் அது மருந்தன்று, நஞ்சு. அளவறிந்து பிரித்தெடுப்பதே வைத்தியம்.

கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் ஹதீஸை நானும் நம்புகிறேன், அதை விற்றும் பிழைக்கிறேன். ஆயினும் பூனையின் கல்லீரல் மனிதனுடையதைப் போன்றதன்று. நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடக் கூடும். வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வாசனை எண்ணெய்களும் ஆகா. ஆகவே எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டார் செய்யக்கூடிய பணிவிடை வேறு இருக்கிறது. உணவை இளஞ்சூடாக்கி மணம் எழ வைப்பது, இரைச்சலில்லாத மூலையில் படுக்கை போடுவது, ஓதி ஊதுவது, ஊசி போட்ட பின் சில நாள்கள் கையுறை அணிந்து கழிவை அள்ளுவது. பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு உலையாகும். நோயைவிடப் பட்டினி முந்திக்கொள்ளும்.

பணம்? மனைவி மக்களின் செலவு முந்தியது. ஜகாத் பணத்தில் ஒரு காசும் பூனைக்கு ஆகாது. கடன்பட்டு ஊசி போடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கைப்பேசி மாற்றுபவர், பூனையின் வலிக்கு மருந்து வாங்கும்போது மட்டும் ஏழைகளை நினைத்துக்கொள்வது நியாயமாகாது. புற்றுக்கு மருந்து ஏற்றுவது வசதியுள்ளவரின் நன்மை. வலியைத் தணிப்பது வளர்க்கும் எவர்மீதும் கடமை என்றே எனக்குப் படுகிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் பிராணியைத் துன்பத்தில் விட்டுவிடுவதைக் குற்றமாக்குகிறது.

கடினமான கேள்வி கடைசியில் வருகிறது. மருந்து பலிக்காமல் பூனை துடிக்கும்போது, உறங்கவைத்து உயிர் போக்கும் ஊசி போடலாமா? பொன்னானி மக்தூம் அவர்களின் ஃபத்ஹுல் முயீன், உண்ணக் கூடாத பிராணியை அதன் வேதனை தீர்க்கவென்று அறுப்பதும் கூடாது என்கிறது. ஷாஃபிகளுக்கு அது கனமான சொல். ஹனஃபி நூல்களிலோ, நோயுற்றுப் பயனற்றுப்போன கழுதையை அறுத்து ஓய்வு கொடுப்பதில் குற்றமில்லை என்று வருகிறது. நம் சங்கத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். பத்வா கொடுக்க நான் ஆளல்லன். ஹஜ்ரத்திடம் போகும்போது பூனையின் மருத்துவச் சீட்டையும் கொண்டுபோங்கள். இனி உண்ணுமா, மூச்சு எளிதாக வருமா, வலி மருந்து கேட்குமா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் அவரும் என்ன சொல்ல முடியும்?