இல்லை என்ற விடைக்கும் சேர்த்துத்தான் வசூல்

கொல்கத்தாவுக்கு வசூல் புதிதல்ல. துர்கா பூஜை நெருங்கினால் தெருவுக்குத் தெரு கிளப்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு கதவைத் தட்டுவார்கள். கொடுத்த பணம் என்னவாயிற்று என்று பந்தலுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதே தெருவில் ஒரு தகப்பன் ஆட்டிச ஆராய்ச்சிக்கென்று பணம் திரட்டக் கிளம்பினால், காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. சில வருடம் கழித்து ஏதோ ஓர் ஆய்விதழில் சில பக்கங்கள் வரும். அதற்குள் அவர் பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். "அந்தக் காசுக்குப் பையனுக்கு நாலு தெரபி வகுப்பு கூட வைத்திருக்கலாமே" என்று உறவினர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டயமண்ட் ஹார்பர் சாலையில் சிராகோல் பக்கம் ‘இந்தியா ஆட்டிசம் சென்டர்’ குடியிருப்போடு திட்டமிடப்பட்டதென்றால், தங்களுக்குப் பிறகு பிள்ளை எங்கே இருப்பான் என்ற பெற்றோரின் கவலைதான் காரணம். கவலை இத்தனை பக்கத்தில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்துக்குப் பணம் எதற்கு?

ஆட்டிசத்தைப் பற்றிய கேள்விகளைப் பெற்றோர் கேட்டிராவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது ஒரு பதில். தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அதை 1964இல் ஒரு புத்தகத்தால் உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன். 1967இல் தனி ஆய்வு நிறுவனமே தொடங்கினார். ஆனால் தாய்மார் தலையிலிருந்து பழியை இறக்கிய அதே மனிதர் பின்னாளில் அதைத் தடுப்பூசியின் தலையில் ஏற்றினார். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுகள் அடுத்தடுத்துச் சொன்னபோதும் அவர் இறங்கி வரவில்லை.

இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பவர் உண்மையில் ஒரு கேள்விக்குப் பணம் கேட்கிறார். ‘இல்லை’ என்ற விடையை வாங்கிக்கொள்ள மனமில்லாதவர் திரட்டுவது ஆராய்ச்சி நிதி ஆகாது; அது விளம்பரச் செலவு.

அந்த ‘இல்லை’ எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சோமா முகோபாத்யாய் என்ற தாய், ஆட்டிசத்தால் பேசாத தன் மகன் டிட்டோவுக்கு எழுத்துகளைச் சுட்டிக்காட்டவும் எழுதவும் இந்தியாவிலேயே கற்பித்தார். அமெரிக்கப் பெற்றோர் இருவர் 1995இல் தொடங்கிய ‘க்யூர் ஆட்டிசம் நவ்’ அமைப்பு 2001இல் தாயையும் மகனையும் அமெரிக்காவுக்கு வரவழைத்தது. டிட்டோ புத்தகங்கள் எழுதினார். ஒரு தாயின் விடாமுயற்சியைக் குறைத்துப் பேச யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அதே முறையை ஊரார் பிள்ளைகளுக்குக் கொண்டு போகும்போது ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: எழுத்துப் பலகையைப் பிடித்திருப்பவரின் கை குழந்தையை வழிநடத்துகிறதா, குழந்தை தானே சொல்கிறதா? இந்த முறைக்குச் சான்று போதாது, பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 2018இல் அறிவித்தது. நம்பிக்கையோடு பணம் கட்டிய பெற்றோருக்கு அது இடிதான். ஆனாலும் தவறான குரலைத் தன் பிள்ளையின் குரலென்று கேட்டுக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய கொடுமை.

‘இல்லை’ என்பதை ஆய்வு மட்டுமல்ல, பிள்ளையும் சொல்லலாம். ‘க்யூர் ஆட்டிசம் நவ்’ 2007இல் ‘ஆட்டிசம் ஸ்பீக்ஸ்’ அமைப்போடு இணைந்தது. 2005இல் ஒரு தாத்தாவும் பாட்டியும் பேரனுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. 2009இல் ஆட்டிசத்தைக் குடும்பங்களைக் குலைக்கும் பூதமாகப் பேசவைத்து அவர்கள் வெளியிட்ட குறும்படத்தை, ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எதிர்த்துத் திரும்பப் பெறவைத்தார்கள். யாருக்காக வசூலோ அவர்களே வேண்டாம் என்றார்கள். பந்தலில் டாக் மேளம் முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரளும் பையனின் வீடியோவைப் போட்டால் பணம் வரும், சந்தேகமில்லை. ஆனால் இருபது வயதில் அவன் அதைப் பார்ப்பான். அவனுக்குப் பேச்சு வராவிட்டாலும் அடுத்த வீட்டுக்காரர் பார்ப்பார். அந்த நன்கொடை அவன் பெயரில் வாங்கிய கடன்.

இதே ‘ஆட்டிசம் ஸ்பீக்ஸ்’ அமைப்பின் பணத்தில்தான் கொல்கத்தாவில் நல்ல காரியமும் நடந்தது. ஆட்டிசத்தைக் கண்டறியும் கருவிகளை வங்காள மொழியிலும் இந்தியிலும் மொழிபெயர்த்து, 11,849 பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் என்று கிடைத்த மதிப்பீடு 0.23 சதவீதம். அப்போது அமெரிக்காவில் பேசப்பட்ட எண் 68இல் ஒருவர்; இங்கே ஏறக்குறைய 435இல் ஒருவர். பள்ளிக்கே போகாத குழந்தைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதைச் சாக்காக்கி, நோட்டீஸில் அமெரிக்க எண்ணைப் போட்டுக்கொள்வது வசூலுக்கு வசதி, அவ்வளவுதான். சிறிய எண்ணையே போட்டு, அது ஏன் சிறியது என்று விளக்கிவிட்டுக் கைநீட்டுகிறவரை நம்பிப் பணம் கொடுக்கலாம்.

இன்னொரு வகை வசூலுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு அப்பால் ஸ்டெம் செல்லை முறையான ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால், அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தாலும் அது வியாபாரமே.

கொடுக்கத் தகுந்த வசூலுக்கும் உதாரணம் உண்டு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வுக்கும் ‘ஆட்டிசம் ஸ்பீக்ஸ்’ பணம் கொடுத்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் 65 குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தர முடியுமா என்று பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகக் கற்றார்கள். பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முனைவது கூடியது. இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரமோ குறைந்தது. இரண்டையும் ஆய்வின் சுருக்கத்திலேயே அச்சிட்டார்கள். அடுத்த வசூல் நோட்டீஸிலும் இரண்டையும் போடலாம்.