யார் நேரத்தில் எழுதுகிறேன்?

ஆத்தூரில் ஒரு கூட்டம். நான் பேசி முடித்ததும் கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி எழுந்து கேட்டது: "அக்கா, வேலைக்கும் போறீங்க, வீட்டையும் பாக்குறீங்க, கதையும் எழுதுறீங்க. நேரம் எப்படிக்கா கெடைக்குது?"

"மனசிருந்தா நேரம் தானா வரும்" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். கெங்கவல்லிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே வந்தது. சொன்னது பொய். மனசு இருந்தும் நேரம் இல்லாமலே செத்துப்போன சனங்கள்தான் எங்கள் தெரு முழுக்க.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சத்துணவு அமைப்பாளர். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை முட்டை என்று தினமும் பதிவேட்டில் கணக்கு எழுதுகிற கை என்னுடையது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே கை கதை எழுத உட்காருகிறது. அப்போது பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். தேய்ப்பது என் அம்மா. வயது எழுபதைத் தொடப்போகிறது. தண்ணி பிடிப்பது, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மாதான். "நீ எழுது புள்ள, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும். என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதுக்கு எழுத்துத் தெரியாது.

நான் எழுதியது எதைப் பற்றி? அம்மாவைப் பற்றித்தான். ஜவ்வரிசி மில்லில் குந்தியபடி குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிச் சீவி விரல் வெடித்த கதை. கிழங்குப் பாலும் திப்பியும் நாறுகிற சேலையோடு வந்து எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிய கதை. ஆக, அம்மாவின் உழைப்பை எழுதுவதற்கு அம்மாவின் உழைப்பையே செலவு செய்கிறேன். இது நியாயமா?

"ஏன், உன் வீட்டுக்காரர் தேய்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அவர் இயக்கத் தோழர். அந்த நேரத்தில் அவருக்குக் கூட்டம் இருக்கும். விடுதலை பற்றிப் பேசிவிட்டு அவர் வரும்போது சோறு மூடிவைத்திருக்கும். இதைப் படிக்கிற தோழர்கள் பலருடைய வீட்டிலும் அப்படித்தான் மூடிவைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நேரம் என்பது கடிகாரத்தில் எல்லாருக்கும் சமமாக ஓடுகிற பொருள் அல்ல. அது நிலம் மாதிரி ஒரு சொத்து. நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் பொழுதும் இருந்தது. பண்ணையாளுக்கு விடியற்காலையும் சொந்தமில்லை, ராத்திரியும் சொந்தமில்லை. ஊரில் ஒருத்தர் திண்ணையில் சாய்ந்து ஏடு படித்தார் என்றால், அவர் வயலில் இன்னொருத்தர் குனிந்திருந்தார். அவர் வீட்டுக்குள் ஒரு பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். 1892ஆம் வருசத்து உத்தரவில் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்க இன்றைக்கும் போராடுகிறோம். பிடுங்கப்பட்ட பொழுதுக்குப் பட்டா இல்லை. அதனால் அதைக் கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

நேரம் இல்லாததன் தழும்பு எழுத்திலும் இருக்கிறது. தலித் எழுத்து அவசர எழுத்து, செம்மை போதாது என்று சொல்லிவந்த விமர்சகர்கள் உண்டு. அவர்கள் எழுத்தைப் பார்த்தார்கள், அது எழுதப்பட்ட பொழுதைப் பார்க்கவில்லை. நாம்தேவ் தசல் பம்பாயில் டாக்சி ஓட்டியவர். பாமா 'கருக்கு' எழுதியது, மடத்தைவிட்டு வெளியே வந்து அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற காலத்தில். 1992இல் அது புத்தகமானது. அதை ஓய்வு என்று யாராவது சொல்ல முடியுமா? 'பழையன கழிதலும்' 1989இல் வந்தபோது சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரி. பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'அஞ்ஞாடி' வந்தது 2012இல், ஓய்வு பெற்ற பிறகு. திறமை முன்பே இருந்தது, பொழுது பிறகுதான் வாய்த்தது.

மராத்தியில் பேபி காம்ப்ளே பல்டண் ஊரில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க வந்த பழைய பேப்பரைப் படித்துப் படித்தே வாசிப்பு வளர்ந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதி, வீட்டு ஆண்கள் கண்ணில் படாமல் வருசக் கணக்காக ஒளித்துவைத்தார். 1986இல்தான் 'ஜிண ஆமுச' புத்தகமாக வந்தது. தன்னுடைய நேரத்தையே தானே திருடி எழுதிய பெண் அவர். நான் அப்படி இல்லை. எனக்கு அம்மா கொடுக்கிறது.

கொடுத்ததை ஒப்புக்கொண்டவர் ஒருவர் நமக்கு முன்னால் இருக்கிறார். 1928இல் 'பகிஷ்கிருத பாரத்' பத்திரிகையில் அம்பேத்கர் ரமாபாயைப் பற்றி எழுதினார். தான் வெளிநாட்டில் படித்தபோது குடும்பப் பாரத்தைச் சுமந்தவர், சாணிக்கூடையைத் தலையில் தூக்கவும் தயங்காதவர், அப்படிப்பட்டவருக்கு இருபத்து நாலு மணியில் அரை மணிகூடத் தன்னால் ஒதுக்க முடியவில்லை என்ற பொருளில். வேறு யாரும் கேட்காத கணக்கை அவரே எழுதி வெளியிட்டார். ஆனால் ஒப்புக்கொண்டால் கடன் தீருமா? ரமாபாய் 1935இல் இறந்துபோனார்.

எழுதுவதை நிறுத்திவிட்டால் என்ன என்று யோசித்தேன். நிறுத்தினால் நான் பாத்திரம் தேய்க்கலாம், அது நல்லதுதான். ஆனால் அம்மாவின் கதையை எழுத எங்கள் தெருவில் வேறு ஆள் இல்லை. சரி, சமூகத்துக்காக எழுதுகிறேன், அம்மா சிரமப்பட்டால் பரவாயில்லை என்று சொல்லலாமா? கூடாது. பெரிய காரியத்துக்காக நீ குனிந்து வேலை செய் என்றுதானே ஊர் நமக்கும் காலங்காலமாகச் சொன்னது?

ஒருநாள் ராத்திரி அச்சான கதையை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொண்ட நாளில் அம்மா மில் வாசலில் நின்று அழுததாக எழுதியிருந்தேன். அம்மா கையை நீட்டி நிறுத்தியது.

"நான் எங்கடி அழுதேன்? கத்தியக் கீழ போட்டுட்டு, 'நாளைக்கு எவ வந்து சீவுறான்னு பாக்குறேன்'னு சொல்லிட்டில்ல வந்தேன்? அழுதேன்னு ஏன் எழுதுன?"

எனக்குப் பதில் இல்லை. அழுகிற தாயை எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அம்மா கொடுத்த நேரத்தில் உட்கார்ந்து அம்மாவையே குறைத்து எழுதியிருக்கிறேன். திருட்டு என்றால் அதுதான் திருட்டு.

நேரம் கொடுத்தவருக்கு எழுத்தில் பங்கு உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பங்கு என்றால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி சொல்வது இல்லை. நிறுத்து, தப்பு, மாத்து என்று சொல்கிற உரிமை. இப்போது எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. அம்மா தூங்கிவிழுந்தால் அந்த இடத்தில் கதையும் தூங்குகிறது என்று அர்த்தம். வாரத்தில் மூன்று ராத்திரி பாத்திரம் வீட்டுக்காரர் பொறுப்பு. முணுமுணுத்துக்கொண்டுதான் தேய்க்கிறார், ஆனால் தேய்க்கிறார். கடன் தீர்ந்துவிடவில்லை. கணக்காவது ஒழுங்காக இருக்கிறது.

ஆத்தூரில் கேட்ட தங்கச்சிக்கு இப்போது பதில் சொல்கிறேன். நேரம் எனக்குக் கிடைக்கவில்லை, தங்கச்சி. வாங்கினேன். நீயும் யாரிடமாவது வாங்கித்தான் எழுதுவாய். யாரிடம் வாங்கினாய் என்பதை மறக்காதே. எழுதியதை முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டு.