எழுதியவர் மனசுல என்ன இருந்தது?

2007-ல் திருவண்ணாமலையில் ஓர் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். மதுரை, பழநி, திருச்செந்தூர், ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணியிலும் தொடங்கினார்கள். தகுதியும் பயிற்சியும் உள்ள எந்த இந்துவும் அர்ச்சகராகலாம், சாதி தடையில்லை என்று 2006-ல் தி.மு.க. அரசு போட்ட உத்தரவின் விளைவு அது. பல சாதிப் பையன்கள் சேர்ந்து மந்திரம், பூஜை முறை, ஆகமம் எல்லாம் கற்றார்கள். 200 பேருக்கு மேல் படிப்பை முடித்தார்கள். முடித்துவிட்டு... காத்திருந்தார்கள். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது.

2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நியமனம் ஆகமப்படி இருக்கலாம்; ஆனால், அது அரசியல் சட்டத்தை மீறக் கூடாது. ஒவ்வொரு கோயிலையும் தனித்தனியாகத்தான் பார்க்க முடியும். அதாவது, ஆளுக்கொரு வழக்கு! 2021 ஆகஸ்ட்டில் இவர்களில் 24 பேர் நியமன உத்தரவு வாங்கினார்கள். இருபது வயதில் படிக்க வந்தவருக்கு அப்போது முப்பத்து நாலு. அதற்குப் பிறகும் வழக்குகள் ஓயவில்லை.

இந்தச் சண்டையின் அடியில் ஒரு பழைய கேள்வி படுத்திருக்கிறது. ஒரு சட்டப் புத்தகத்தை எப்படிப் படிப்பது? எழுதிய காலத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தத்தில்தானா? அல்லது இன்றைய வாழ்க்கைக்கு ஏற்பவா? அமெரிக்காவில் முதல் கட்சிக்கு 'ஒரிஜினலிஸம்' என்று பெயர். 1973-ல் அங்கே கருக்கலைப்புக்குக் கிடைத்த அரசியல் சட்டப் பாதுகாப்பு 2022-ல் பறிபோனது இந்தக் கட்சியின் கை ஓங்கியதால்தான்.

பி.காம். படித்தவனுக்கு இதைக் கணக்குப் புத்தகத்தில் சொன்னால்தான் புரியும். 1950-ல் ஒரு மனை வாங்கினீர்கள். பேலன்ஸ் ஷீட்டில் வாங்கிய விலையையே காட்டினால் யாரும் கோல்மால் பண்ண முடியாது. ஆனால், உண்மை நிலவரம் தெரியாது. இன்றைய மார்க்கெட் விலையைப் போட்டால் நிலவரம் தெரியும். ஆனால், மதிப்புப் போடுகிறவர் யோக்கியரா என்ற கேள்வி வந்துவிடும்.

இரண்டுமே நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1950-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், தன்னை விசாரணையில்லாமல் சிறையில் வைத்த சென்னை அரசுக்கு எதிராக சுப்ரீம் கோர்ட் போனார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி மட்டுமே ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்கிறது 21-வது பிரிவு. 'சட்டம்னு ஒண்ணு இருக்கா? போதும். அது நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலையில்லை' என்ற ரீதியில் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் அதே வார்த்தைகளைப் படித்து, 'நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும்' என்றது அதே கோர்ட். பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படித்த கண்தான் மாறியது.

ஆஹா, இரண்டாவது கட்சியே சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீதிபதிகள் நியமனத்துக்குத் தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று வைக்கலாமா என்ற பேச்சு 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் வந்தபோது, அது ஆபத்து என்று மறுத்தார் அம்பேத்கர். சட்டத்தில் 'கலந்தாலோசனை' என்றுதான் எழுதினார்கள். 1993-ல் சுப்ரீம் கோர்ட் அதைக் கிட்டத்தட்ட 'ஒப்புதல்' என்றே படித்தது. 'கொலீஜியம்' பிறந்தது. தன் மனைக்குத் தானே மதிப்புப் போட்டுக்கொண்ட கதை!

'மாற்றம் வேண்டுமா? பார்லிமென்ட்டில் திருத்துங்கள். நீதிபதி எதற்குத் திருத்த வேண்டும்?' என்பது முதல் கட்சியின் வலுவான வாதம். நம் நாட்டில் அதற்குக் கூடுதல் வலு உண்டு. அமெரிக்காவில் 230 வருஷங்களுக்கு மேலாகியும் 27 திருத்தங்கள்தான். நாம் 2023-க்குள் 106 போட்டுவிட்டோம். ஆனால், திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்களின் ஓட்டு வேண்டும். வேலையில்லாத 200 இளைஞர்களுக்காக அதை யார் திரட்டுவார்கள்?

இப்போது கருவறைக்கு வருவோம். இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்கிறது 25-வது பிரிவு. எழுதியவர்கள் மனதில் இருந்தது கோயில் வாசல்தான். கருவறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆகமம் பிராமணர்களிலேயே பலரைக் கருவறைக்குள் விடுவதில்லை, ஆகவே இது சாதிப் பிரச்னையே அல்ல என்ற வாதமும் உண்டு. ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமல்ல.

ஆனால், அதே புத்தகத்தில் 17-வது பிரிவும் இருக்கிறது. தீண்டாமை 'எந்த வடிவிலும்' கூடாது என்கிறது. இந்த வார்த்தைகளை அரசியல் சட்டத்தை எழுதியவர்களேதான் போட்டார்கள். கிணறு, டீக்கடை, வாசல் என்று பட்டியல் போட்டு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நாளைக்கு வேறு உருவத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, முறையாகப் படித்து வந்த ஒருவன் சாதியால் மட்டும் விக்கிரகத்தைத் தொடக் கூடாது என்றால், அது அந்த வடிவங்களில் ஒன்றா, இல்லையா? இதைக் கேட்பதற்குப் புது அர்த்தம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எழுதியதை எழுதியபடி படித்தாலே போதும்.

என் கட்சி இதுதான்: ஒரு வியாக்கியானம் யார் கைக்கு அதிகாரத்தைக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். படிக்கிறவர் கைக்கே போனால் சந்தேகப்படுங்கள். வெளியே நிற்பவனுக்குப் போனால், உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள்.

2007-ல் படித்தவர்களில் பலருக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். மந்திரம் மறந்திருக்காது.