தூய்மையான தண்ணீரும் தீங்கற்ற தண்ணீரும் ஒன்றா?

 



பாம்பனிலும் மண்டபத்திலும் கடலுக்குப் போகும் நம் சகோதரர்களுக்கு ஒரு சட்டம் நன்றாகத் தெரியும். படகில் இருக்கும்போது தொழுகை நேரம் வந்துவிட்டால் கடல்நீரிலேயே ஒளு செய்துகொள்ளலாம். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. கடலில் பயணம் செய்பவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். கடல்நீர் தூய்மையானது என்று அண்ணலார் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆனால் அதே கடல்நீரை அந்தப் படகில் யாராவது குடிப்பார்களா? குடிக்க மாட்டார்கள். ஒளுவுக்குத் தகும், குடிக்கத் தகாது. தண்ணீரைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். ஒன்று, இது தூய்மையானதா? மற்றொன்று, இது தீங்கற்றதா? முதல் கேள்வியை நாம் அன்றாடம் ஐந்து வேளையும் கேட்கிறோம். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறோமா? அதைக் கேட்பது நம்மீது கடமையா? இந்த வாரம் சிந்திக்க வேண்டியது இதுதான்.

கண்ணும் நாக்கும் சொல்லாதவை

தண்ணீரின் தூய்மையை ஃபிக்ஹு நூல்கள் மூன்று அடையாளங்களால் அளக்கின்றன. நிறம், ருசி, வாடை. ஷாஃபிஈ மத்ஹபில் இதோடு குல்லதைன் என்ற அளவும் சேரும். ஏறத்தாழ 200 லிட்டர் அளவை எட்டிய தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும், இந்த மூன்றில் ஒன்று மாறாத வரை அது தூய்மையானதே. ஏழைக்கும் பணக்காரருக்கும், கிராமத்துக்கும் நகரத்துக்கும் பொருந்துகிற எளிய சட்டம் இது. வணக்கத்தை எளிதாக்கத்தான் மார்க்கம் இந்த அளவைத் தந்திருக்கிறது.

நோயை உண்டாக்கும் பொருள்களோ இந்த மூன்று அடையாளங்களுக்கும் பிடிபடுவதில்லை. ஃப்ளோரைடு கலந்த தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். நைட்ரேட்டுக்கு வாடை இல்லை. காட்மியம் போன்ற உலோகம் நாக்குக்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் வெளியிட்ட குடிநீர் அளவுகோலின்படி ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. கரைந்திருக்கும் மொத்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. மாற்று நீர் இல்லாத ஊரில் 2000 வரை அனுமதி உண்டு.

நம் மாவட்டம் அந்த ‘மாற்று நீர் இல்லாத ஊர்’ என்ற சொல்லுக்கு உள்ளேயே பல தலைமுறை வாழ்ந்திருக்கிறது. வைகையின் கடைசித் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் ராமநாதபுரம் பெரிய கண்மாய், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நம்மவர்கள் பெருமை பேசும் ராஜசிங்கமங்கலம் கண்மாய், ஊருக்கு ஓர் ஊருணி என எல்லாமே மழையை நம்பித்தான். ராமேஸ்வரம் தீவில் மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். அளவு மீறினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், அது வராத நாள்களில் ஆழ்துளைக் குழாயும் லாரித் தண்ணீரும்தான் கைகொடுக்கின்றன. உப்பின் ருசிக்கு நம் நாக்கு பழகிப் போய்விட்டது. உடலும் பழகிவிட்டதா என்பது வேறு கேள்வி.

இதயமும் சிறுநீரகமும்

அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதெல்லாம் உடலுக்கே திரும்புகிறது. இந்த வடிகட்டி பழுதாகும்போது சத்தம் போடாது, வலிக்காது. பெரும்பகுதி செயலிழந்த பிறகே கால் வீக்கமும் களைப்பும் தெரியவரும்.

சிறுநீரகமும் இதயமும் ஒன்றையொன்று தாங்குபவை. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சேதமாகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் உப்பும் நீரும் உடலில் தங்கி, அழுத்தம் இன்னும் ஏறி, இதயம் தளர்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டும் முன்பே இதயநோயால் இறக்கிறார்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வங்கதேசத்தின் குல்னா கடலோரத்தில் கர்ப்பிணிப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. கடல்நீர் ஏறி குடிநீர் உப்பாகும் வறண்ட மாதங்களில், மழைக்காலத்தைவிட அதிகமான பெண்களுக்கு இரத்த அழுத்தம் காணப்பட்டது. அவர்கள் ஊரும் நம் ஊரைப்போல் கடலோரம்தான்.

நீரிணைக்கு அப்பால் ஒரு பாடம்

நம் கரையிலிருந்து பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கை. அதன் வடமத்திய மாகாணத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்கள் பழங்கால மன்னர்கள் வெட்டிய குளங்களால் வாழ்பவை. நம் கண்மாய்களுக்கு உடன்பிறப்புகள் என்றே அவற்றைச் சொல்லலாம். 1990களில் அங்குள்ள மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சர்க்கரை இல்லை, முன்பிருந்தே இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் நெல் விவசாயிகளின் சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டிருந்தன. ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஆண்களில் 12.9 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 16.9 விழுக்காட்டினரிடமும் இந்த நோய் இருப்பதைக் கண்டது. முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஆண்களே அதிகம்.

காரணம் என்ன? ஃப்ளோரைடும் கடினத்தன்மையும் சேர்ந்த நிலத்தடி நீர் என்றார்கள் சிலர். காட்மியம் என்றார்கள் சிலர். பூச்சிமருந்து, களைக்கொல்லி என்றார்கள் வேறு சிலர். வெயிலில் நீர் வற்றும் உடல் என்பதும் ஒரு வலுவான கருத்து. நிகராகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தொழிலாளர்களிடமும், நம் நாட்டில் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய் இருக்கிறது. ஒரே காரணம் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

2015இல் இலங்கை அரசு கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை நாடு முழுவதும் தடை செய்தது. தேயிலைத் தோட்டங்கள் களையெடுக்க வழியின்றித் திணறின. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. மறுபுறம், கிராமம் கிராமமாகத் தண்ணீரைச் சோதித்து, சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்கும் பணியும் நடந்தது. குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று அறிவிக்க உறுதியான சான்று வேண்டும். குடிக்கிற தண்ணீரை அளந்து பார்க்க அந்த அளவு சான்று தேவையில்லை, அக்கறை போதும்.

சந்தேகம் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

இங்கே மார்க்கம் படித்த ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி எழுப்பலாம். “உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது நம் சட்ட அடிப்படைதானே? இந்தத் தண்ணீரில் தீங்கு இருப்பது நிரூபணமாகவில்லை. பிறகு எதற்குச் சோதனை?”

அந்த அடிப்படை சரியானது. ஒளு முறிந்ததா இல்லையா என்று சந்தேகப்பட்டு மனிதன் வஸ்வாஸில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அது இருக்கிறது. அங்கே சந்தேகத்தை ஒதுக்கினால் அல்லாஹ் மன்னிப்பவன். ஆனால் பிறர் உடலுக்குத் தீங்கு நேருமா என்ற இடத்தில் வேறோர் அடிப்படை பேசுகிறது. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் நம் ஃபுகஹாக்கள் ஏற்ற ஐந்து பெரும் அடிப்படைகளில் ஒன்று. என் வணக்கத்தில் எனக்குக் கிடைத்த சலுகையை, அடுத்தவர் பிள்ளையின் சிறுநீரகத்தில் நான் எடுத்துக்கொள்ள முடியாது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ஒரு சட்டத்தைப் பாருங்கள். வெயிலில் சூடேறிய தண்ணீரை அவர்கள் மருத்துவக் காரணத்துக்காகவே விரும்பத்தகாதது என்றார்கள். தண்ணீர் தூய்மையானதுதான். பின்னர் வந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அந்த மருத்துவத் தீங்கு நிலைநாட்டப்படவில்லை என்று மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். இரண்டு இமாம்களும் எதைப் பற்றிப் பேசினார்கள்? தீங்கு உண்மையா என்பதைப் பற்றி. தூய்மையான தண்ணீருக்கும் உடல்நலக் கேள்வி உண்டு என்பதை இருவருமே ஏற்றார்கள். இன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறது. கருவி இருந்தும் அளந்து பார்க்காமல் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது அறியாமை ஆகாது, அலட்சியம்தான்.

கொடுப்பவர் பொறுப்பு

மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி முஸ்லிம்களுக்கு வக்ஃப் செய்தார்கள். அன்றிலிருந்து தண்ணீர் கொடுப்பது நம் சமுதாயத்தின் பேரறமாக இருந்துவருகிறது. நம் ஊர்களிலும் மறைந்த பெற்றோர் பெயரில் குழாய் போடுகிறோம், கேன் வைக்கிறோம், கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கிறோம். ஸதகா ஜாரியா என்று நம்புகிறோம். அப்படியானால் அந்தக் குழாயில் வருவது என்ன என்று அறிவதும் அந்தத் தர்மத்தின் பகுதிதான். கொடுத்த அன்றோடு பொறுப்பு முடிவதில்லை. தர்மம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அமானிதமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

“சோதித்துப் பார்த்து மோசம் என்று தெரிந்தால், ஏழைகள் எங்கே போவார்கள்? பயம்தானே மிஞ்சும்?” என்று கேட்கலாம். வசதியுள்ளவர் கேன் வாங்கிக்கொள்வார், ஏழைதான் அந்தக் குழாயில் குடிக்கிறார். நாம் அறியாமல் இருந்தால் பாதுகாப்பு கிடைப்பது வசதியுள்ளவருக்கு மட்டும். அறிந்தால்தான் அந்த ஏழைக்காக ஜமாஅத் ஏதாவது செய்ய முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. தண்ணீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரிய ஆபத்து. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், மிகப் பெரும்பாலானவர்கள் பரிந்துரைக்கப்பட்ட அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. நம் வாலிநோக்கத்திலும் உப்பளம் இருக்கிறது. வேலை கொடுப்பவர் நிழலும், குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் தருவது கருணை அல்ல, கூலியைப் போலவே உரிமை.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசல், மதரஸா குடிநீரை ஆண்டுக்கு இருமுறை சோதிக்கலாம். கோடையின் முடிவில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குச் சோதனைப் பெட்டியும் பயிற்சியும் தரப்படுகின்றன. நம் பெண்களும் அதில் சேரட்டும். கையடக்க டிடிஎஸ் கருவி மொத்த உப்பை மட்டுமே காட்டும். ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் கிருமியையும் அது காட்டாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

முடிவு எதுவாக இருந்தாலும் தேதியோடு பலகையில் எழுதி வையுங்கள். மறைக்காதீர்கள். மழைநீரைக் கூரையிலிருந்து சேமியுங்கள். தேங்கிய நீரை அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கோழிக் கழிவையும் குப்பையையும் கண்மாயில் கொட்டுபவர் அதை நினைவில் வைக்கட்டும். நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்து அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமையில் நாம் பெற்ற அருட்கொடைகளைப் பற்றி விசாரிக்கப்படுவோம். குளிர்ந்த தண்ணீரும் அதில் ஒன்று என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. குடித்த தண்ணீருக்குக் கேள்வி உண்டென்றால், குடிக்கக் கொடுத்த தண்ணீருக்கும் கேள்வி இருக்காதா?

அல்லாஹ் நம் நீர்நிலைகளில் பரக்கத் செய்வானாக. நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. பிறருக்கு நாம் தரும் ஒவ்வொரு மிடறு தண்ணீரிலும் அமானிதம் பேணும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.