புரிந்தவர் யார்?

‘புரிந்துவிட்டது’ என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை செலவழிக்கிறோம்! கடைக்காரர் கணக்குச் சொன்னால் புரிந்துவிட்டது. டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னால் புரிந்துவிட்டது. மேடையில் ஒருவர் வேதாந்தம் பேசினால் அதுவும் புரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போகிறோம். அதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அதே சொல்லை நம்பிக்கொண்டு ஒருவன் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமென்றால்? அப்போது அது சத்தியம் செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்வியை என் முன் கொண்டுவந்து வைத்தவன் நண்பர் ஒருவரின் மகன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறியவன். ஐன்ஸ்டீனுடைய பொதுச் சார்பியல் தத்துவத்தைப் பாடமாகப் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருந்தான். ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்த வேலையும் கிடைத்தது. போவதா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

“மாமா, கணக்கு வருது, விஷயம் வரலை” என்றான். “சமன்பாட்டைக் கொடுத்தா விடை கொண்டு வந்துடுவேன். காலமும் வெளியும் வளையுதுன்னு போர்டிலே எழுதுவேன். வளையறதுன்னா என்னன்னு ஒரு பையன் எழுந்து கேட்டா, மறுபடியும் அந்தச் சமன்பாட்டைத்தான் காட்டணும். இது ஏமாத்து வேலை இல்லையா?”

கல்லூரிப் படிப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன் நான். பௌதிகத்தில் அவனுக்கு என்ன சொல்ல முடியும்? ஆனால் அவன் கேட்டது பௌதிகம் அல்ல, தர்மம். ஆகவே அந்தத் தத்துவம் மனிதர் கைக்கு வந்து சேர்ந்த கதையைத் தேடிப் படித்தேன்.

1907-ல் ஐன்ஸ்டீன் ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து விழுகிறவனுக்கு, விழுகிற அந்த நேரத்தில் தன் கனம் தெரியாது என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. அப்படியானால் பூமி இழுக்கிறது என்று நாம் சொல்வதற்கு என்ன அர்த்தம்? விஷயம் வந்துவிட்டது, கணக்கு வரவில்லை. நம் பையனுக்கு நேர் எதிரான கஷ்டம்!

அந்தக் கணக்குக்காக அவர் எட்டு வருஷம் பாடுபட்டார். 1912-ல் ஸூரிச்சுக்குத் திரும்பியதும் மார்ஸெல் கிராஸ்மன் என்ற பழைய வகுப்புத் தோழரின் உதவியை நாடினார். மாணவப் பருவத்தில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பரீட்சைக்கு யாருடைய நோட்டைப் படித்தாரோ, அதே கிராஸ்மன்! வளைந்த வெளிகளுக்கு ரீமான் என்ற ஜெர்மானியர் முந்திய நூற்றாண்டிலேயே வகுத்துவைத்திருந்த கணிதத்தை நண்பர் எடுத்துக்காட்ட, இவர் கற்றுக்கொண்டார். இருவருமாக 1913-ல் வெளியிட்ட சமன்பாடுகள் சரியாக அமையவில்லை. அவற்றுக்காக இரண்டு வருஷம் வாதாடிய ஐன்ஸ்டீன், 1915-ல் தாமே அவற்றைக் கைவிட்டார். அந்த நவம்பரில் பெர்லினில் நான்கு வியாழக்கிழமைகளில் நான்கு கட்டுரைகள் கொடுத்தார். புதன் கிரகத்தின் பாதை, நூறு வருஷத்துக்கு 43 விகலை அளவு பழைய கணக்கை மீறித் திரும்புவது ஏன் என்று வானநூலார் வெகு காலமாகத் திகைத்திருந்தார்கள். புதிய கணக்கில் அந்த 43 தானாக வந்து விழுந்தது.

சரி, அதற்குப் பிறகாவது முழுக்கப் புரிந்ததா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம்.

1919-ல் சூரிய கிரகணத்தின்போது, நட்சத்திர ஒளி சூரியனருகே வளைவதை அளக்கக் கடல் கடந்து போனவர் எடிங்டன். ஆங்கிலேயருக்கு அந்தத் தத்துவத்தைப் புகட்டியவரே அவர்தான். சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகர், ஒரு வரம்புக்கு மேல் கனமுள்ள நட்சத்திரம் எரிந்து தீர்ந்தபின் அமைதியாக அடங்க முடியாது என்று 1935 ஜனவரியில் லண்டனில் எடுத்துரைத்தார். அது சுருங்கிச் சுருங்கி, ஒளிகூட வெளியேற முடியாத நிலைக்குப் போய்விடும் என்பதை எடிங்டன் கண்டுகொண்டார். கண்டுகொண்டதாலேயே கேலி செய்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். 1939-ல் ஐன்ஸ்டீனும் அப்படிப்பட்ட பொருள் உலகில் உண்டாக முடியாது என்று கட்டுரை எழுதினார். தம் சமன்பாடு கொண்டுபோய் விட்ட இடத்தை ஏற்க, பெற்றவருக்கே மனம் வரவில்லை. 2019 ஏப்ரலில் அப்படி ஒரு கருந்துளையின் நிழலைப் படமாகவே வெளியிட்டார்கள்.

கேலிக்கு ஆளான சந்திரசேகர் என்ன செய்தார்? ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1960-களில், பொதுச் சார்பியலை அடியிலிருந்து கற்கத் தொடங்கினார். கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1983-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

புரிவது என்பது கிரயம் பண்ணிப் பத்திரம் பதிந்துகொள்கிற வீடு அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. குடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

‘அப்படியானால் யாருக்குமே புரியவில்லை, யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு சங்கதி. ‘புரியவில்லை’ என்பதில் இரண்டு ஜாதி உண்டு. புத்தகத்தைத் திறக்குமுன் சொல்வது ஒன்று. கடைசிப் பக்கம் வரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வது மற்றொன்று. முதலாவது சோம்பல். இரண்டாவதைத்தான் நான் படிப்பு என்பேன்.

அந்தக் கணக்கும் பொய்யல்ல. நம் கைபேசிக்கு வழி காட்டுகிற செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், உயரத்தில் ஈர்ப்புக் குறைவதால் முந்துகின்றன. வேகத்தால் கொஞ்சம் பிந்துகின்றன. கழித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. அதைச் சரிக்கட்டாவிட்டால் ஒரே நாளில் பல மைல் தூரம் பிசகிவிடும். பையன் போர்டில் எழுதப்போகிற கணக்குதான் நம்மைக் கல்யாண வீட்டு வாசலில் சரியாகக் கொண்டு சேர்க்கிறது.

ஆகவே கணக்கைக் கற்பிப்பது ஏமாற்று அல்ல. கேள்வி கேட்டு எழுந்த பிள்ளையை அதட்டி உட்கார வைப்பதுதான் ஏமாற்று. அவனிடம் இதைத்தான் சொன்னேன். “இதுவரைக்கும் எனக்குத் தெரியும், இதுக்கு மேலே நானும் தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்லு” என்றேன்.

“பிள்ளைங்க மதிக்க மாட்டாங்களே, மாமா!”

சில பேர் மதிக்க மாட்டார்கள்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்த நஷ்டத்துக்குத் துணிந்து அவன் வேலைக்குப் போனான்.

ஆனால் அந்த நஷ்டத்தை அவன் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமா என்று இப்போது யோசிக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்து, “எங்க வாத்தியாருக்கே தெரியலையாம்!” என்று சொல்லிச் சிரித்தால், நாம் என்ன செய்வோம்? கூடச் சேர்ந்து சிரிப்போமா? அல்லது, “எது வரைக்கும் தெரியும்னு சொன்னார்?” என்று கேட்போமா?